பரிசோதனை என்பது குறி கேட்பதல்ல

(மாட்டுத்தாவணியில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



கொரோனா என்னும் கொள்ளை நோய்க் காலத்தில் நடந்த பரிசோதனைகளைப் பற்றியும், அவைகளைப் பற்றிக் கைபேசி மூலமாய்ப் பரப்பப்பட்ட புரட்டுகளைப் பற்றியும் பேச வேண்டுமென்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். "உலக சுகாதார நிறுவனமே 2023-ம் வருஷம் மே மாதம் 5-ந் தேதி அவசர நிலை முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டதே, இனி அந்தப் பேச்சு எதற்கு?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நோயின் வேகம் அடங்கியது வாஸ்தவந்தான். ஆனால், அந்தக் காலத்தில் நம் புத்தியைப் பிடித்த நோய் அடங்கிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. நாளை வேறொரு நோய் வருமானால், அதே புரட்டுகள் பெயரை மாத்திரம் மாற்றிக்கொண்டு நம் வீட்டுக்குள் வந்துவிடும். ஆதலால் நோய் இல்லாத இந்தச் சமயத்தில், பயமில்லாமல் நிதானமாய் யோசித்து வைத்துக்கொள்வது நல்லது.

இந்த மதுரைக்கு இதில் ஒரு தனிச் சம்பந்தம் உண்டு. தமிழ்நாட்டில் அந்த நோய்க்கு முதல் உயிர் பலியானது, 2020 மார்ச் 25-ந் தேதி இந்த ஊர் அரசு இராஜாஜி ஆஸ்பத்திரியில்தான். அதற்குப் பிறகு சர்க்கார் கணக்கிலேயே தமிழ்நாட்டில் 38,000 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆகவே நாம் பேசப் போவது ஏதோ படித்தவர்கள் பொழுதுபோக்குக்காகச் செய்யும் தர்க்கமல்ல. உயிர் சம்பந்தப்பட்ட காரியம்.

மாடு பிடிப்பவனின் அறிவு

தோழர்களே! இந்த இடத்துக்கு மாட்டுத்தாவணி என்று பெயர். இன்று பஸ்கள் வந்து நிற்கும் இடம் என்றாலும், பெயரைக் கேட்டாலே மாட்டுச் சந்தை என்று தெரியும். சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவன் என்ன செய்கிறான்? மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்க்கிறான். இரண்டு பல்லா, நான்கு பல்லா, ஆறு பல்லா என்று எண்ணி வயதைத் தெரிந்துகொள்ளுகிறான். இது ஒரு பரிசோதனை. இதில் காரணம் இருக்கிறது, காரியம் இருக்கிறது. யார் பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே விடை வரும்.

ஆனால் அதே மனிதன் மறு நிமிஷமே மாட்டின் நெற்றியிலும் முதுகிலும் சுழி பார்க்கிறான். இந்தச் சுழி இருந்தால் குடும்பம் விளங்கும், அந்தச் சுழி இருந்தால் வாங்கினவன் தலைக்கே ஆபத்து என்கிறான். இதுவும் ஒரு பரிசோதனை என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். பல் பார்ப்பதற்கும் சுழி பார்ப்பதற்கும் என்ன வித்தியாசம்? பல் பார்த்துச் சொன்ன வயது சரியா தப்பா என்பதைக் கன்று பிறந்த வருஷத்தைக் கொண்டு ஒத்துப் பார்க்க முடியும். சுழி பார்த்துச் சொன்னதை அப்படி எவனாவது ஒத்துப் பார்த்துக் கணக்கு வைத்திருக்கிறானா? இல்லவே இல்லை. பலித்தால் சுழி என்பான்; பலிக்காவிட்டால் தலைவிதி என்பான்.

இன்னுமொன்று கவனியுங்கள். பல் வயதைத்தான் சொல்லும். பசு எத்தனை படி கறக்கும் என்பதைச் சொல்லாது. எட்டுப் பல்லும் முளைத்துவிட்டால் அதற்கு மேல் எண்ணிக்கையைக் கொண்டு வயதைக்கூடச் சொல்ல முடியாது. தேய்மானத்தைத்தான் பார்க்க வேண்டும். அதனால் பல் பார்ப்பதே மோசம் என்று எந்தச் சம்சாரியாவது சொல்லுவானா? சொல்லமாட்டான். ஒரு பரீட்சை எந்தக் கேள்விக்கு விடை சொல்லும், எதற்குச் சொல்லாது, எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைத் தெரிந்து உபயோகிப்பதுதான் அறிவு. மாட்டு விஷயத்தில் நமக்கு இருக்கிற இந்த அறிவு, மனித உயிர் விஷயத்தில் எங்கே போய்விட்டது என்பதுதான் என்னுடைய கேள்வி.

திரும்பிப் போன கருவிகள்

2020 ஏப்ரலில் 'ரேபிட் கிட்' என்னும் துரிதப் பரிசோதனைக் கருவிகள் சீன தேசத்திலிருந்து வந்தன. தமிழ்நாட்டுக்கு 24,000 கருவிகள் வந்திறங்கின. ஒரு துளி இரத்தத்தை விட்டால் அரைமணிக்குள் விடை தெரியும் என்று பத்திரிகைகள் எல்லாம் எழுதின. ஜனங்களும் இனிக் கவலையில்லை என்று நினைத்தார்கள்.

நடந்ததென்ன? ராஜஸ்தானத்தில், நோய் இருப்பதாக ஏற்கெனவே உறுதி செய்யப்பட்டவர்களிடத்திலேயே அந்தக் கருவியை வைத்துப் பார்த்தார்கள். 100-க்கு 90 சரியாக வருமென்று எதிர்பார்த்த இடத்தில் 5.4 தான் வந்தது! உடனே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் ஏப்ரல் 21-ந் தேதி, இரண்டு நாள் அந்தக் கருவியை உபயோகிக்க வேண்டாம் என்றார்கள்; 27-ந் தேதி திருப்பி அனுப்பிவிடுங்கள் என்றார்கள். தமிழ்நாடும் தன் 24,000 கருவிகளைத் திருப்பிவிட்டது.

இதில் விலை விஷயம் ஒன்றும் உண்டு. சந்தையில் தரகன் கையைத் துண்டால் மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவது உங்களுக்குத் தெரியும். அதைப்போல, 245 ரூபாய்க்கு இறக்குமதியான கருவி 600 ரூபாய்க்குப் பேசப்பட்டிருந்தது. இடையில் இருந்த கம்பெனிகள் ஒன்றோடொன்று சண்டையிட்டுக்கொண்டு டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போனதால்தான் துண்டு விலகி விரல் தெரிந்தது. 400 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று கோர்ட்டார் சொன்னார்கள்.

நிற்க, கருவி நல்லதாகவே இருந்திருந்தாலும் அது என்ன கேள்விக்கு விடை சொல்லும் என்று பாருங்கள். அது வைரஸ் கிருமியைத் தேடும் கருவியல்ல. கிருமி புகுந்த பிறகு அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் கருவி. அந்தப் பொருள் இரத்தத்தில் தெரிய ஒரு வாரம், இரண்டு வாரம்கூட ஆகும். அப்படியானால் இன்று காய்ச்சலோடு வருகிறவனுக்கு அது 'இல்லை' என்று சொன்னால், நோய் இல்லை என்று அர்த்தமாகுமா? திருடன் புகுந்த வீட்டில் போலீஸ் வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, போலீஸ் இல்லை, ஆதலால் திருடனும் இல்லை என்று சொல்வது போலாகும்!

இந்தச் சம்பவத்தைக் காட்டி, "பார்த்தீர்களா, பரிசோதனை எல்லாமே மோசடி" என்று ஒரு கூட்டம் பிரசாரம் செய்தது. நான் சொல்லுகிறேன், இதிலிருந்து கற்க வேண்டிய பாடம் நேர் விரோதமானது. கருவி கெட்டது என்பதைக் கண்டுபிடித்தது யார்? ஜோசியரா? மந்திரவாதியா? வைத்தியர்கள்தான் கண்டுபிடித்தார்கள். எப்படி? வேறொரு பரிசோதனையோடு ஒத்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். தன் தவறைத் தானே எண்ணிப் பார்த்து, எண்ணினதை வெளியே சொல்லுவதுதான் விஞ்ஞானத்தின் யோக்கியதை. ஜாதகம் பார்த்துச் சொன்னதில் இத்தனைக்கு இத்தனை தப்பு என்று கணக்குப் போட்டு, ஒரு ஜோசியராவது தன் சுவடியைத் திருப்பி அனுப்பியதாக யாராவது கேள்விப்பட்டதுண்டா?

'இல்லை' என்றால் என்ன அர்த்தம்?

இனி, அந்தக் கருவியைத் தப்பு என்று காட்டிக்கொடுத்த மற்றொரு பரிசோதனையைப் பற்றிச் சொல்லுகிறேன். அதுதான் மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்துச் செய்யும் ஆர்.டி.பி.சி.ஆர். என்பது. தமிழ்நாடு பெரும்பாலும் இதையே நம்பி நடந்தது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும், நம் மதுரை மருத்துவக் கல்லூரியிலும் இன்னும் பல இடங்களிலும் இராப்பகலாய் இதைச் செய்தார்கள்.

அதன் முறை இதுதான். குச்சியில் ஒட்டியிருக்கும் கிருமியின் மரபுப் பொருளை எடுத்து, அதிலிருந்து குறிப்பிட்ட ஒரு துண்டை மாத்திரம் ஒரு சுற்றுக்கு இரட்டிப்பாக்கிக்கொண்டே போகிறார்கள். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். 10 சுற்றில் 1,024. 20 சுற்றில் 10 லட்சத்துக்கு மேல். 30 சுற்றில் 107 கோடிக்கு மேல். எத்தனையாவது சுற்றில் அது கருவியின் கண்ணுக்குத் தெரிகிறது என்று பார்க்கிறார்கள். கிருமி நிறைய இருந்தால் சீக்கிரம் தெரியும்; குறைவாக இருந்தால் தாமதமாகத் தெரியும். 35 சுற்றுக்குள் தெரிந்தால் நோய் உண்டு என்று இந்தியாவில் எல்லை வைத்திருந்தார்கள்.

இவ்வளவு கூர்மையான பரீட்சையும் தவறுமா என்றால், தவறும். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் அதற்கு முன் நடந்த 7 ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2020-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். கிருமி தொற்றிய முதல் நாள் பரிசோதித்தால் 100-க்கு 100 பேருக்கும் 'இல்லை' என்றே வரும். நான்காம் நாளில் 67 பேருக்குத் தவறாக 'இல்லை' என்று வரும். காய்ச்சல் காணும் ஐந்தாம் நாளில் 38 பேருக்கு. எட்டாம் நாளில்தான் தவறு மிகவும் குறைந்து 20 பேருக்கு. அதற்குப் பிறகு மறுபடியும் ஏறி, 21-ம் நாளில் 66 ஆகிவிடும்.

இதன் அர்த்தம் என்ன? இன்றைக்குச் சாவு வீட்டுக்குப் போய் வந்துவிட்டு, நாளைக்கே பரிசோதனை செய்து 'நெகட்டிவ்' என்ற காகிதத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போனவன், காகிதத்தைக் கொண்டு போனானே தவிர நிச்சயத்தைக் கொண்டு போகவில்லை. காகிதத்தைத் தாயத்தாக நினைத்ததன் பலன் கிழவனுக்கும் கிழவிக்கும் வந்து சேர்ந்தது. அறிகுறி இருந்தால், 'இல்லை' என்று ஒருமுறை வந்தாலும் விலகி இருங்கள், மறுபடியும் பாருங்கள் என்று வைத்தியர்கள் சொன்னதற்கு இதுவே காரணம். அது வைத்தியர்கள் பணம் பிடுங்கச் செய்த தந்திரமல்ல.

'உண்டு' என்றால் என்ன அர்த்தம்?

அடுத்தபடியாக, நோயில்லாதவனை நோயாளி என்று சொல்லிவிடுகிற தவறு. இதைப் பற்றித்தான் புரட்டுகள் அதிகம். ஆகையால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உதாரணத்துக்காக நானே வைத்துக்கொண்ட எண்கள் இவை.

ஒரு ஊரில் 1,000 பேர். அவர்களில் நோயுள்ளவர் 10 பேர். நோயாளி 10 பேரில் 8 பேரைக் கண்டுபிடித்து, நோயில்லாதவர் 100 பேரில் ஒருவரைத் தவறாகப் பிடிக்கும் பரீட்சை ஒன்று நம்மிடம் இருக்கிறது. எல்லோரையும் சோதித்தால் உண்மை நோயாளி 8 பேரும், நோயில்லாத 990 பேரில் சுமார் 10 பேரும் பிடிபடுவார்கள். ஆக 18 பேரில் 10 பேர் நிரபராதிகள்! அதே கருவியை, 1,000 பேரில் 300 பேருக்கு நோயுள்ள ஊரில் வைத்துப் பாருங்கள். 240 பேர் உண்மை நோயாளிகள். தவறாய்ப் பிடிபட்டவர் 7 பேர்தான். கருவி மாறவில்லை; ஊர்தான் மாறிற்று. ஆதலால் யாரைச் சோதிக்கிறோம், எப்போது சோதிக்கிறோம் என்பதைச் சேர்த்துப் பார்க்காமல், பரிசோதனை நல்லது என்பதும் கெட்டது என்பதும் வீண் பேச்சாகும்.

சரி, ஆர்.டி.பி.சி.ஆர். உண்மையில் எத்தனை பேரைத் தவறாகப் பிடித்தது? "யாரைச் சோதித்தாலும் பாசிட்டிவ் என்றுதான் வரும்" என்று சொன்னார்களே, அதைப் பார்ப்போம். இங்கிலாந்தில் சர்க்கார் புள்ளிவிவர இலாகாவார், நோய் தணிந்திருந்த 2020 கோடைக் காலத்தில், ஊர் ஊராய் வீடு வீடாய்ச் சாதாரண ஜனங்களைச் சோதித்தார்கள். ஆறு வாரத்தில் 2,08,730 மாதிரிகள். அவைகளில் 'உண்டு' என்று வந்தது 159 தான். அந்த 159-ம் தவறு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுங்கூட 1,300 பேருக்கு ஒருவரைத்தான் அது தவறாகப் பிடித்ததாகும். யாரைத் தொட்டாலும் பாசிட்டிவ் என்கிற பரீட்சையாய் இருந்தால் மீதி இரண்டு லட்சத்துச் சொச்சம் பேர் எப்படித் தப்பினார்கள்? புரட்டுக்காரன் இந்தக் கேள்விக்குச் சமாதானம் சொல்லட்டும்!

பப்பாளிக்கு வந்த கொரோனா

இப்போது புரட்டுகளுக்கு வருவோம். ஆப்பிரிக்காவில் டான்ஸானியா தேசத்தின் ஜனாதிபதி மகுஃபுலி 2020 மே மாதத்தில், தாம் இரகசியமாய் ஆட்டிலிருந்தும் பப்பாளிப் பழத்திலிருந்தும் மாதிரி எடுத்து, மனிதப் பெயர் வைத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்பியதாகவும், அவைகளுக்கும் நோய் உண்டு என்று வந்ததாகவும் சொன்னார். இந்தச் செய்தி தமிழில் பெயர்ந்து நம் ஊர்க் கைபேசிகளிலும் சுற்றியது. கேட்பதற்கு அது பகுத்தறிவுக்காரன் செய்யும் சோதனை போலவே இருக்கிறது! நானும் சொல்லுகிறேன், சோதனைச்சாலையைச் சோதிப்பது நல்ல காரியந்தான். ஆனால் அதை எப்படிச் செய்ய வேண்டும்? எத்தனை மாதிரி அனுப்பினார், எத்தனைக்கு 'இல்லை' என்று வந்தது, அதே மாதிரியை வேறொரு சாலையில் காட்டினாரா, மாதிரி எடுத்தவர் கையில் கிருமி இருந்ததா என்பவைகளை வெளியிட வேண்டாமா? அவர் ஒன்றையும் வெளியிடவில்லை. கருவிகள் சரியானவை என்று ஆப்பிரிக்க நோய்த் தடுப்பு மையத்தார் பதில் சொன்னார்கள். அந்தத் தேசமோ 509 பேர் என்ற எண்ணோடு நோய்க் கணக்கு வெளியிடுவதையே நிறுத்திக்கொண்டது. தராசு சரியில்லை என்று சொன்னவன் வேறு தராசு கொண்டுவரவில்லை. எடை போடுவதையே விட்டுவிட்டான்!

இன்னொரு புரட்டு, பி.சி.ஆர். முறையைக் கண்டுபிடித்த காரி முல்லிஸ் என்னும் அமெரிக்கரே இது கொரோனாவுக்கு உதவாது என்று சொல்லிவிட்டார் என்பது. முல்லிஸ் 1983-ல் அந்த முறையைக் கண்டவர், 1993-ல் நோபல் பரிசு பெற்றவர் என்பதெல்லாம் வாஸ்தவம். ஆனால் அவர் 2019 ஆகஸ்டிலேயே இறந்துபோனார். கொரோனா உலகத்துக்குத் தெரிய வந்ததோ அதற்குப் பல மாதங்கள் கழித்து. இறந்தவர் எழுந்து வந்து அபிப்பிராயம் சொன்னார் என்றால், அதை நம்புகிறவர்களுக்கு நாம் என்ன சொல்லுவது? தவிர, அந்த முல்லிஸ் எய்ட்ஸ் நோய்க்கு எச்.ஐ.வி. கிருமி காரணமல்ல என்றவர். ஜோசியத்திலும் நம்பிக்கை வைத்திருந்தவர். நோபல் பரிசு வாங்கினவர் சொன்னாலும் ஆதாரமில்லாததை நாம் ஏற்க வேண்டியதில்லை.

மூன்றாவது, 10 விநாடி மூச்சை அடக்கிப் பார், இருமல் வராவிட்டால் உனக்கு நோய் இல்லை என்ற வீட்டுப் பரீட்சை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பெயரை அதற்கு வைத்தார்கள். அது எங்களுடையதல்ல என்று அந்தப் பல்கலைக்கழகத்தாரே மறுத்தார்கள். கிருமியுள்ள வாலிபன் ஒரு நிமிஷங்கூட மூச்சை அடக்குவான். கிருமியே இல்லாத ஆஸ்துமாக் கிழவருக்கு ஐந்து விநாடி முடியாது. மாட்டுக்குச் சுழி பார்த்தது போலத்தான் இதுவும்.

இப்பேர்ப்பட்ட வதந்தியின் விலை என்ன தெரியுமா? 2020 ஏப்ரல் 19-ந் தேதி சென்னையில், நோயால் இறந்த நரம்பியல் வைத்தியர் சைமன் ஹெர்குலிஸ் அவர்களின் உடலை அடக்கம் செய்யப் போனவர்களைக் கல்லாலும் கட்டையாலும் அடித்து விரட்டினார்கள். பிணத்தைப் புதைத்தால் ஊருக்கு நோய் வரும் என்ற பொய்ச் செய்தியே காரணம். அந்த வாரத்துக்குள்ளேயே சர்க்கார் அவசரச் சட்டம் போட்டு, அடக்கத்தைத் தடுத்தால் ஒன்று முதல் மூன்று வருஷம் சிறை என்று சொல்ல வேண்டியதாயிற்று. வைத்தியம் செய்து செத்தவனுக்கு ஆறடி மண் கிடைக்கவும் சட்டம் வேண்டியிருந்த தேசம் இது!

மனிதன் செய்த மோசடி

மோசடியே நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2021 ஏப்ரலில் ஹரித்வார் கும்பமேளாவில் சுமார் ஒரு லட்சம் பரிசோதனைகள் பொய்யாகக் காட்டப்பட்டன. அங்கு போகவே போகாத பஞ்சாப்காரர் ஒருவருக்கு, உம்முடைய மாதிரி எடுக்கப்பட்டது என்று செய்தி வந்தது. அவர் சும்மா இருக்காமல் எழுதி எழுதிக் கேட்டதால் அத்தனையும் வெளிப்பட்டது. பல பேருக்கு ஒரே தொலைபேசி எண்! அடுத்த மாதமே சென்னையில் ஒரு தனியார் சோதனைச்சாலை, சுமார் 4,000 பேரின் முடிவுகளைத் தவறாகப் பதிந்ததற்காக அனுமதி இழந்தது.

இவைகளில் தவறியது பரீட்சை அல்ல, ஆள். கள்ளப் படி வைத்து அளந்தவனைத்தான் தண்டிக்க வேண்டுமே ஒழிய, அளப்பதே கூடாது என்று சொல்லக் கூடாது. அந்தப் பஞ்சாப்காரர் செய்தாரே, அதுதான் சரியான சந்தேகம். அவர் கிருமியே பொய் என்று சொல்லவில்லை. "என் பெயரில் நீ எழுதியதற்கு ஆதாரம் எங்கே?" என்று கேட்டார். சந்தேகம் என்பது கேள்வி கேட்பது. விடை வந்தால் ஏற்பது. விடை வந்த பிறகும் ஏற்காமலிருப்பதற்குச் சந்தேகம் என்று பெயரல்ல. அதுவும் ஒரு பக்தியே.

ஜனங்கள் ஏன் நம்பினார்கள்?

ஆனால் தோழர்களே! பாமர ஜனங்களை மாத்திரம் குறை சொல்லிவிட்டுப் போவது யோக்கியமாகாது. பரிசோதனையைக் கண்டு அவர்கள் ஏன் பயந்தார்கள்? 'உண்டு' என்று காகிதம் வந்ததும் என்ன செய்தார்கள்? வாசலில் தகரம் அடித்தார்கள். கதவில் காகிதம் ஒட்டினார்கள். தெருவே அந்த வீட்டைத் தீட்டுப்பட்ட வீடாகப் பார்த்தது. தினக்கூலிக்காரனுக்குப் பதினான்கு நாள் கூலி போயிற்று. அந்தப் பதினான்கு நாளைக்கும் அடுப்பெரிய வழி என்ன என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேரே. இந்த மதுரையில் 2020 ஜூன் 24 முதல் ஜூலை நடுவரையில் மறுபடியும் முழு ஊரடங்கு போட்டபோது, சுமை தூக்குகிறவனும் பூக்கட்டுகிறவளும் பட்ட கஷ்டம் உங்களுக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் தண்டனை என்று ஏற்பாடு செய்துவிட்டால், ஜனங்கள் பொய்யைத்தான் தேடிப் போவார்கள். பரிசோதனை பொய் என்று ஒருவன் சொன்னதும் அவர்களுக்கு அது இனித்ததற்குக் காரணம் அறியாமை மாத்திரமல்ல. வயிறும் அவமானமும் ஆகும். ஆகவே சோதிக்கிற சர்க்கார், சோதனையில் அகப்பட்டவனுக்குச் சோறும் மரியாதையும் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல கருவியும் பெட்டிக்குள்ளேயேதான் இருக்கும்.

என்ன கேட்க வேண்டும்?

முடிவாக, எந்தப் பரிசோதனையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நாலு கேள்வி கேளுங்கள். இது எதைத் தேடுகிறது, கிருமியையா, வேறொன்றையா? நோயுள்ளவர் 100 பேரில் எத்தனை பேரை விட்டுவிடும்? நோயில்லாதவர் 100 பேரில் எத்தனை பேரைத் தவறாகப் பிடிக்கும்? இந்த எண்களை எண்ணிப் பார்த்தவர் யார், விற்கிறவனா, விற்பனையில் சம்பந்தமில்லாதவனா? காய்ச்சல் என்றதும் டைபாய்டுக்காக எடுக்கும் விடால் பரிசோதனை முதல், நாளை வரப்போகும் புதுக் கருவி வரையில் எல்லாவற்றுக்கும் இந்த நாலு கேள்வி பொருந்தும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. மாட்டின் வாயைப் பிளந்து பல்லை எண்ணத் தெரிந்தவனுக்கு இதுவும் தெரியும்.

தவறே வராது என்று சொல்லுகிறவனை நம்பாதீர்கள், அவன் வியாபாரி. எல்லாமே தவறு என்று சொல்லுகிறவனையும் நம்பாதீர்கள். அவனும் ஏதோ ஒன்றை விற்க வந்தவன்தான். என் தவறு இவ்வளவு என்று எண்ணிச் சொல்லுகிறவனிடத்தில் போங்கள். நான் இங்கே சொன்ன எண்களையும் நான் சொன்னேன் என்பதற்காக நம்ப வேண்டாம். இதே நாலு கேள்வியை அவைகளிடத்திலும் கேட்டுப் பாருங்கள். சரியென்று பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதைத் தள்ளிவிடுங்கள்.